கேட்டுமேட்டுத் தடம்

கிணற்று மேட்டில் சிவப்புத் துணி சுற்றிய முளையை அடித்துவிட்டு ஓவர்சியர் ஜீப் ஏறிப் போன அன்றைக்கு ரங்காத்தாள் அடுப்பே பற்றவைக்கவில்லை. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினாள், கோழியை அடைத்தாள், பிறகு முளைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். பிடுங்கி எறிய ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அது சர்க்கார் முளை. பிடுங்கினால் நாளைக்கு வேறொன்று வரும், கூடவே போலீஸ்காரனும் வருவான்.

அது ஐம்பத்தொன்பதாம் வருஷத்துத் தை மாதம். பல்லடத்திலிருந்து குண்டடம் வழியாகத் தாராபுரம் போகிற ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று வெகுநாளாகவே பேச்சு. அகலப்படுத்தட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் குண்டடத்துக்கு வடக்கே ஓரிடத்தில் அந்த ரோடு காரணமே இல்லாமல் கிழக்கே வளைந்து, ரங்காத்தாளின் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய், மறுபடி மேற்கே திரும்பி நேர்ப்படும். வளைவின் உள்பக்கம்தான் அவள் கிணறு. அகலப்படுத்துகிற சாக்கில் வளைவைக் கொஞ்சம் நிமிர்த்தினாலே போதும், கிணறு ரோட்டுக்குள் வந்துவிடும். கல்லும் மண்ணும் கொட்டி மூடிவிடுவார்கள்.

மூடினால் அவளுக்கு அப்புறம் ஒன்றுமில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றிலும் தண்ணீர் உப்புக் கரிக்கும். அவள் புருஷன் லிங்கசாமி பாறையோடு மல்லுக்கட்டி, அவள் கழுத்தில் தாலிக்கொடியைத் தவிர மற்றதையெல்லாம் வெடிமருந்தாக்கி, இந்த ஒரு கிணற்றில்தான் நல்ல தண்ணீரைப் பார்த்தான். பார்த்த மறு வருஷமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. இருப்பது இந்தத் தோட்டமும் கிணறும். தண்ணீர் இல்லாவிட்டால் தோட்டம் வெறும் மேய்ச்சல் காடு.

அந்த வளைவுக்கு ஒரு கதை உண்டு. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

வெள்ளைக்காரன் காலத்தில் இது சுங்க ரோடு. திருப்பூர்ப் பக்கத்து வண்டிகள் தாராபுரத்துக்கும் பழனிக்கும் போக இதுதான் தடம். அன்றைக்கு இது வளையவில்லை. நூல் பிடித்த மாதிரி நேராக, மேற்கே, இப்போது ரங்காத்தாளின் அண்ணன் வெள்ளியங்கிரியின் பருத்திக்காடு இருக்கிற இடத்தின் வழியாகவே போயிற்று. அங்கே ஒரு மேட்டில் கல்தூண் இரண்டு, குறுக்கே தூக்கி இறக்க ஒரு மரம், பக்கத்தில் ஓடு வேய்ந்த சாவடி. அதுதான் கேட்டு. அந்த மேட்டுக்கே கேட்டுமேடு என்று பெயர் வந்துவிட்டது. பார வண்டி எதுவானாலும் நின்று காசு வைத்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். சுங்கம் வசூலிக்கக் குத்தகை எடுத்தவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. காசு இல்லை என்றால் மாட்டை அவிழ்த்துக் கட்டு என்பார்.

நம் ஆட்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? கேட்டுக்கு முன்னாலேயே கிழக்கே ஒரு இட்டேரி பிரிந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே ஒரு வண்டி போகிற அளவுக்குப் பள்ளமாகக் கிடக்கும் தோட்டத்து வழி. பருத்திப் பொதி ஏற்றிய வண்டிக்காரர்கள் மாட்டுச் சலங்கைக்குள் துணியைத் திணித்துக்கொண்டு அதற்குள் நுழைவார்கள். கேட்டைத் தாண்டி மறுபடி ரோட்டில் ஏறிக்கொள்வார்கள். இட்டேரி போன பூமி ரங்காத்தாளின் மாமனாருடையது. போகட்டும், நம்மாட்கள்தானே என்று வேலியைக் கொஞ்சம் தள்ளி அடைத்து வழிவிட்டார். புண்ணியவான். அவர் விட்ட அந்த வழிதான் இன்றைக்கு மருமகளின் கழுத்தைப் பிடிக்கிறது.

சர்க்கார் சுங்கத்தை எடுத்தது, கேட்டைக் கழற்றினார்கள். உத்தரவு மாடுகளுக்குத் தெரியுமா? அவை பழகின இட்டேரிக்குள்ளேயே திரும்பின. பின்னால் வந்த பஸ்ஸும் வண்டித்தடத்தைப் பார்த்துத் திரும்பியது. ஜல்லியையும் அதிலேயே கொட்டினார்கள். சர்க்கார் ரோடு முள்ளுக்காடாயிற்று, கள்ளத்தடம் சர்க்கார் ரோடாயிற்று. முள்ளுக்காட்டை ரங்காத்தாளின் அப்பன் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி உழுது தன் காட்டோடு சேர்த்துக்கொண்டார். ஏன் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

ஆனால் காவடிக்காரர்கள் இருந்தார்கள். காவடிக்கும் பிணத்துக்கும் காசு வாங்கக் கூடாது என்று குத்தகையிலேயே ஏற்பாடு. ஆகையால் தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிற காவடி ஒருநாளும் இட்டேரிக்குள் ஒளிந்து போனதில்லை. பம்பையை முழக்கிக்கொண்டு கேட்டு வழியே நேராகப் போயிற்று. நெருப்பெரிச்சல் நெசவுக்காரர்களின் காவடி அந்தச் சாவடியில் இறக்கி, பூசை போட்டு, இளைப்பாறி எடுக்கும். நினைத்த இடத்தில் காவடியை இறக்க முடியாது. முன்னோர் இறக்கின இடத்தில்தான் இறக்க வேண்டும். கேட்டு போயிற்று, சாவடி இடிந்தது, ரோடே மண்ணுக்குள் மறைந்தது. அவர்கள் மட்டும் வருஷா வருஷம் வேலியில் இருந்த ஒரு கடவு வழியாகப் பருத்திக்காட்டுக்குள் புகுந்து அந்த மேட்டில் இறக்கிவிட்டுத்தான் போனார்கள். ரங்காத்தாளின் அப்பனும், அவருக்குப் பிறகு வெள்ளியங்கிரியும், அந்த ஒரு தடத்தை மட்டும் உழாமல் விட்டுவைத்திருந்தார்கள்.

இது அவளுக்கு விடியற்காலையில் ஞாபகம் வந்தது. ஓவர்சியர் ஆட்களோடு வந்து இறங்கினதுமே எதிரே போய் நின்றாள்.

"அய்யா, இது ரோடே இல்லீங்க. கள்ளத்தடமுங்க. நெசமான சுங்க ரோடு அக்கட்ட, எங்கண்ணன் காட்டுக்குள்ள கெடக்குதுங்க."

ஓவர்சியர் தண்டாயுதபாணி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பொறுமையாகக் கேட்டார்.

"காகிதத்துல ரெண்டு கோடும் இருக்கும்மா. நேர் ரோடு கிடைச்சா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அங்க உழுது விதைச்சிருக்காங்களே. ஜனங்க இன்னிக்கும் நடக்கிற தடம்னு என் கண்ணால பார்த்தாத்தான் நான் எழுத முடியும். இல்லேன்னா உங்க அண்ணன் கோர்ட்டுக்குப் போவார், ரோடு அப்படியே நிக்கும்."

"பூசத்துக்குக் காவடி அதுலதானுங்க போகும்."

"அப்ப காவடி வர்ற அன்னிக்கு நானும் வந்து நிக்கிறேன். அதுல போனா முளையைப் பிடுங்கி அங்க அடிச்சுடலாம். இதுல போனா இது இங்கேயே இருக்க வேண்டியதுதான்."

அண்ணனிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. வெள்ளியங்கிரி கெட்டவர் இல்லை. லிங்கசாமி செத்த வருஷம் தன் மாடுகளை ஓட்டிவந்து கட்டி அவளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் அப்பன் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் வந்த புதிது அது. கட்டிக்கொடுத்த தங்கை பிறந்த வீட்டுப் பூமியைப் பற்றி வாயெடுத்தாலே அண்ணன்மாருக்கு வயிற்றில் புளியைக் கரைத்த காலம். பங்குக்கு அடிபோடுகிறாள் என்று அண்ணி சொல்லுவாள், ஊரும் சொல்லும். அந்தப் பேச்சை வாங்கிக்கொள்ள ரங்காத்தாளுக்கு மனசு வரவில்லை. வீறாப்பு என்று வைத்துக்கொண்டாலும் சரிதான்.

சாயங்காலத்துக்குள் சேதி வெள்ளியங்கிரியின் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் அவள் எழுந்து வந்து பார்க்கும்போது வேலியில் கடவு இருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு வேலமுள் அடைத்திருந்தது. எட்டிப் பார்த்தாள். காவடித் தடம் நெடுகிலும் பருத்திச் செடிகள் முழங்கால் உயரம் நின்றன. இந்த வருஷம் அதையும் சேர்த்தே உழுது விதைத்திருக்கிறார். ரோட்டுப் பேச்சு கிளம்பின நாளிலிருந்தே மனுஷன் உஷாராகத்தான் இருந்திருக்கிறார். மேட்டையும் ஏர் ஓட்டி ஓட்டிச் சமமாக்கியாயிற்று.

காவடிக்காரர்களுக்குக் கடவு தெரியுமா? எப்போதும் அவர்கள் பல்லடத்தில் படுத்து, எழுந்து, விடியுமுன்னே இருட்டோடு இந்த இடத்தைத் தாண்டுவார்கள். முன்னால் அரிக்கேன் விளக்கோடு போகிற பெரியவர் சென்னிமலை முதலியார் திரும்பின இடத்தில் மற்றவர்கள் திரும்புவார்கள், அவ்வளவுதான். அவருக்குச் சொல்லிவிட்டால் போதும் என்று ரங்காத்தாள் திருப்பூர் பஸ்ஸில் ஏறினாள். வளைவில் பஸ் ஒடித்துத் திரும்பும்போது கண்டக்டர் அவள் தோட்டத்தைக் காட்டி, "இந்தக் கெணத்த எடுத்துட்டாங்கன்னா வண்டி சும்மா வழுக்கீட்டுப் போகுமுங்க" என்று யாரிடமோ சந்தோஷமாகச் சொன்னான். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

நெருப்பெரிச்சலில் சென்னிமலை முதலியாரின் வீட்டில் தறி ஓடவில்லை. வெள்ளைப் புடவையில் அவர் சம்சாரம் சுப்புலட்சுமி எழுந்து வந்தாள். பெரியவர் ஐப்பசியிலேயே போய்விட்டாராம்.

"இந்த வருஷம் அர்த்தநாரிதானுங்க காவடி கூட்டிட்டுப் போறான். அவரு தம்பி மகன். காதர்பேட்டைல பனியன் கடைல வேல. ராத்திரிதான் வருவான்."

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கிணற்றைப் பற்றியோ ஓவர்சியரைப் பற்றியோ ரங்காத்தாள் வாய் திறக்கவில்லை. துக்க வீட்டில் நின்றுகொண்டு, சாமியை எனக்குச் சாட்சி சொல்ல அனுப்புங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

"கேட்டுமேட்டுலதான் எறக்கோணும்னு அந்தத் தம்பிகிட்டச் சொல்லீருங்க. மறந்தறாதீங்க."

"சொல்றனுங்க. ஆனா எனக்கு அந்த மேடு எங்கிருக்குதுன்னே தெரியாதுங்களே. பொம்பளைக காவடி கூட நடக்கறதில்லீங்க."

அந்த ஒரு வார்த்தையை அங்கே விட்டுவிட்டு அவள் ஊர் திரும்பினாள். அது போய்ச் சேருமா சேராதா என்று நினைத்து நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பூசத்துக்கு முன்னே, காவடி வருவதற்கு முந்தின நாள், வெள்ளியங்கிரியே அவள் வாசலுக்கு வந்தார். கூடவே இரண்டு ஆட்கள், தலையில் அண்டாக்கள். முளையடித்த நாளிலிருந்து அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசவில்லை.

"காவடிக்குப் பந்தல் போடறேன் அம்மிணி. உன்ற கெணத்துக்கு முன்னால, ரோட்டோரமா. பானகமும் மோரும் ஊத்தறது. என்ற கெணத்துத் தண்ணி வாயில வெக்க ஆகாது, உனக்கே தெரியும். உன்ற கெணத்துல எடுத்துக்கறேன்."

ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடவு வடக்கே. பந்தல் அதைத் தாண்டி, வளைவில். எதிரே பந்தலும் பானகமும் தெரியும்போது நடந்து களைத்த எந்தக் காவடிக்காரன் முள்ளைப் பார்த்து நிற்பான்? நேரே இங்கே வருவான். ஓவர்சியர் பார்த்துக்கொண்டு நிற்பார். அவளுடைய கிணற்றை மூடுவதற்கு அவளுடைய தண்ணீரையே கேட்டு வந்திருக்கிறார். கேட்பது காவடிக்கு. இல்லை என்று சொன்னால் அந்தப் பாவத்துக்கு விமோசனம் உண்டா?

"எடுத்துக்கங்கண்ணா" என்றாள். பிறகு, "கடவுல முள்ளு போட்டிருக்கறீங்களே" என்றாள்.

"ஆடு உள்ள போவுது" என்றார் வெள்ளியங்கிரி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் வெயில் ஏறின பிறகும் காவடி வரவில்லை. எப்போதும் இருட்டோடு தாண்டுகிறவர்கள், புது ஆள் கூட்டி வருவதால் சுணங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. பந்தலில் தென்னங்கீற்று வேய்ந்து, மாவிலை கட்டி, வெல்லமும் சுக்கும் தட்டிப் போட்ட பானகம் அண்டா நிறைய இருந்தது. பந்தலுக்குள் ஒரு பலகைக் கல்லைக் கழுவி, மஞ்சள் தடவி, பூ வைத்திருந்தார் வெள்ளியங்கிரி. காவடியை இறக்கவும் இடம் தயார். இன்றைக்கு ஒருதரம் இங்கே இறக்கிவிட்டால் அடுத்த வருஷம் இதுதான் முன்னோர் இறக்கின இடம்.

ஓவர்சியர் வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவரும் முருக பக்தர்தான். பக்கத்தில் இரண்டு ஆட்கள், கையில் சம்மட்டியும் முளைகளும். ரங்காத்தாள் கிணற்று மேட்டில் குடத்தோடு நின்றாள். நிற்காமல் என்ன செய்வது?

பம்பைச் சத்தம் கேட்டது. வடக்கே மஞ்சள் வேட்டிகள் தெரிந்தன. மயில்தோகை கட்டிய காவடிகள் ஆடி ஆடி வந்தன. வேலியோரம் வந்ததும் நடை தளர்ந்தது. பின்னால் வந்த ஒரு கிழவர் கையைக் காட்டி என்னமோ சொன்னார். திரும்பு சாமி, திரும்பு என்று ரங்காத்தாள் உள்ளுக்குள் கெஞ்சினாள். முன்னால் வந்தவன் வேலியை மேலும் கீழும் பார்த்தான். முள்தான் இருந்தது. பிறகு பந்தலைப் பார்த்தான். காவடிகள் நேராக வந்தன.

"காவடி இதுல வந்துடுச்சேம்மா" என்றார் ஓவர்சியர். அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது. ஆனாலும் சம்மட்டிக்காரனைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

வெள்ளியங்கிரி இடுப்புத் துண்டோடு எதிரே போய்க் கும்பிட்டார். "வாங்க மொதலியாரே, வாங்க. பானகம் குடிங்க. காவடிய இப்படி எறக்குங்க, கல்லுக் கழுவி வெச்சிருக்குது."

அர்த்தநாரி முப்பது வயதுக்காரன். தோளில் தழும்பு சிவந்திருந்தது. குடிப்பவர்கள் காவடியைப் பக்கத்து ஆளின் தோளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுக் குடித்தார்கள். அவன் மட்டும் மாற்றவில்லை.

"ஏனுங்க கவுண்டரே, கேட்டுமேடு எதுங்க? அங்கதான் எறக்கோணும்னு பெரியூட்டு ஆத்தா சொல்லியனுப்பிச்சாங்க. நானும் பாத்துட்டேதான் வந்தேன், மேட்டையே காணோமுங்க."

ரங்காத்தாள் சுப்புலட்சுமியிடம் சொன்ன வார்த்தை போய்ச் சேர்ந்திருக்கிறது.

"மேடெல்லாம் ஒழவுல கரைஞ்சு போச்சுங்க. அதுக்குத்தானுங்க இங்க எடம் பண்ணியிருக்கறேன். சாமிக்கு எல்லா எடமும் ஒண்ணுதானுங்களே."

"எங்க பெரியப்பா எறக்குன எடமுங்க. நானா மாத்தறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லீங்க." அவன் சுற்றிலும் பார்த்தான். கிணற்று மேட்டில் நின்றவளைப் பார்த்தான். "அம்மிணி, நீங்க இந்த ஊருதானுங்களே? மேடு எந்தப் பக்கமுங்க?"

வெள்ளியங்கிரி திரும்பினார். அண்டாவிலிருந்து மொள்ளுகிறவர் போல நாலு எட்டு அவள் பக்கம் வந்தார். உதடு அசையாமல், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ரோடு வந்தா என்ற காடு ரெண்டு துண்டு. வாயத் தொறந்தீன்னா உனக்கு அண்ணன் இல்ல, பாத்துக்க."

அவள் கிணற்றைப் பார்த்தாள். தண்ணீர் கீழே இருட்டாகக் கிடந்தது. அண்ணனைப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. அப்பன் இல்லை, புருஷன் இல்லை, நல்லது கெட்டதுக்கு வாசலில் வந்து நிற்க இந்த ஒரு மனுஷன்தான் அவளுக்கு இருந்தார். ஆனால் கிணறு போனால் அவர் வாசலில் போய்த்தான் காலம் தள்ள வேண்டும். அண்ணி போடுகிற சோற்றுக்குத் தட்டை நீட்ட வேண்டும்.

"மேடு அக்கட்ட இருக்குதுங்க. அந்த முள்ளுக்குப் பொறத்தால" என்றாள்.

பம்பைக்காரன் கையை நிறுத்தினான். அர்த்தநாரி வெள்ளியங்கிரியைப் பார்த்தான்.

"அங்க பருத்தி நிக்குது" என்றார் அவர்.

"நிக்கட்டுமுங்க. உங்க பூமி. போலாமா, கூடாதா, அது மட்டும் சொல்லீருங்க. கூடாதுன்னா நாங்க எங்கயும் எறக்காமயே பழனி போறம். நோவு எங்க தோளுக்குத்தான."

கூடாது என்று காவடியைப் பார்த்துச் சொல்ல அந்தச் சீமையில் எவனுக்கும் நாக்கு எழாது. போகலாம் என்று சொல்ல வெள்ளியங்கிரிக்கு மனசு எழவில்லை. வெயிலில், தோளில் காவடியோடு, அவர்கள் காத்து நின்றார்கள். அந்தக் கிழவர் காவடியை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினார்.

ரங்காத்தாள் குடத்தை வைத்துவிட்டு நடந்தாள். வேலியோரம் போய், அடைத்திருந்த முள்ளில் வெறுங்கையை விட்டு ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள். வேலமுள் சும்மா வருமா? ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வந்தது. முழங்கை வரை கீறியது. இரண்டாவது கொத்தை இழுத்தாள். ரத்தம் வடிந்து சேலையில் சொட்டியது. யாரும் உதவிக்கு வரவில்லை. காவடிக்காரர்கள் தோளை விட்டுக் கையெடுக்க முடியாது. ஊர்க்காரர்கள் வெள்ளியங்கிரியின் முகத்தைப் பார்த்தார்கள். ஓவர்சியர் தரையைப் பார்த்தார். மூன்றாவது கொத்தில் சேலை மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்கக் கிழிந்தது. மறுபடி கையை விட்டாள்.

"தள்ளு."

பின்னால் வெள்ளியங்கிரி நின்றார், கையில் முள் தள்ளுகிற கவைக்கோல். அவளைத் தோளால் ஒதுக்கிவிட்டு முன்னே போனார். தான் அடைத்த முள்ளைத் தானே கவையில் மாட்டி மாட்டி அப்பால் எறிந்தார். அவசரத்தில் கீழே கிடந்ததைக் கையாலும் அள்ளினார். வழி திறந்ததும் கோலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்று, காவடியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"போங்க சாமி."

அரோகரா என்று சத்தம் எழுந்தது. பம்பை முழங்கியது. காவடிகள் ஒவ்வொன்றாகக் குனிந்து கடவுக்குள் நுழைந்து பருத்திக்குள் இறங்கின. செடிகள் இரண்டு பக்கமும் சாய்ந்து முறிந்தன. அந்தக் கிழவருக்கு உள்ளே போனதும் தடம் பிடிபட்டுவிட்டது. கையை நீட்டி வழிகாட்டிக்கொண்டே போனார். தூரத்தில் ஓரிடத்தில் காவடிகள் தோளிலிருந்து இறங்கின.

ஓவர்சியர் வெறுங்காலோடு அவர்கள் பின்னாலேயே போனார். மிதிபட்ட மண்ணைக் குச்சியால் கிளறினார். ஒரு சாண் ஆழத்தில் பழைய ஜல்லி நெருக்கமாகப் பதிந்து கிடந்தது. உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தார். எழுந்து ஆட்களைக் கூப்பிட்டு, கடவிலிருந்து நேர் தெற்கே முளை அடிக்கச் சொன்னார். போகிற போக்கில் ஒருவன் கிணற்று மேட்டிலிருந்த சிவப்புத் துணி முளையை ஆட்டிப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அது.

காவடி பூசை முடித்து எடுத்துக்கொண்டு போயிற்று. கூட்டம் கலைந்தது. பந்தலில் மிஞ்சின பானகத்தை ஊர்ப் பிள்ளைகள் குடித்துத் தீர்த்தார்கள். வெள்ளியங்கிரி மட்டும் முறிந்த பருத்திக்கு ஓரமாக வரப்பில் உட்கார்ந்து உள்ளங்கையில் ஏறின முள்ளைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. பக்கத்தில் சம்மட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து ஊருக்கெல்லாம் ஊற்றினவர் ஒரு வாய் குடிக்கவில்லை.

ரங்காத்தாள் கிணற்றில் சேந்தி ஒரு சொம்பு தண்ணீரை எடுத்துக்கொண்டு போனாள். அவள் கையிலும் ரத்தம் காய்ந்திருந்தது.

"அண்ணா, தண்ணி குடிங்க."

அவர் தலை நிமிரவில்லை.

"நீ கேட்டிருந்தா விட்டிருப்பேன் அம்மிணி. ஊட்டுக்கு வந்து, அண்ணா, என்ற கெணறு போவுது, தடத்த விடுங்கன்னு ஒரு வார்த்த. நீ ஓவர்சியர்கிட்டப் போனே. நெருப்பெரிச்சலுக்குப் போனே. என்ற வாசப்படி ஒண்ணுதான் உனக்குத் தூரமாப் போச்சு."

அது நிஜமா, இல்லை தோற்றுப்போன கோபத்தில் வந்த பேச்சா? முள்ளை அடைத்தவர் அவர்தான், தடத்தை உழுதவர் அவர்தான், அண்ணன் இல்லை என்று மிரட்டினவரும் அவர்தான். கேட்டிருந்தால் விட்டிருப்பாராம். விட்டிருப்பாரோ என்னமோ. கேட்டுப் பார்க்காததால் அது இனி அவளுக்குத் தெரியவே போவதில்லை. அதுதான் அவளைக் குத்தியது, கையில் ஏறின முள்ளைவிட.

"இப்பக் கேக்கறனுங்க அண்ணா. ஒரு வாய் குடிங்க."

வெள்ளியங்கிரி எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். சொம்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு, மேற்கே தன் கிணற்றுப் பக்கம் நடந்தார். போய்த் தொட்டியருகே குனிந்து, மாடுகூட முகத்தைச் சுளித்துக் குடிக்கிற அந்த உப்புத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அவர் குடிப்பதை, ரங்காத்தாள் சொம்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.